உப்பில்லாத கருவாடு

“அங்கிள், கதவை விடுங்க!”

மோகனராஜ் கைப்பிடியை நோக்கிப் பாய்ந்தான். ஸ்ரீஸ்கந்தராஜா குளிர்கிடங்கின் கதவில் முதுகைச் சாய்த்து அசையாமல் நின்றார். புத்தம்புது தடித்த ஜாக்கெட், கம்பளிக் குல்லா, கையுறை. மோகனராஜுக்கோ ஒரே ஒரு டீ-சட்டை. சுற்றிலும் உறைந்த மீன் பெட்டிகள்.

எல்லாம் அவன் வாய்க்கொழுப்பு. நார்வேயின் வடகரையில், எரிவாயு ஆலை ஒன்றில் அவன் காதலி பிரியந்திக்கு வேலை கிடைத்திருந்தது. பெண் கேட்கப் போனவன், “குளிரா? நான் மாக் மண்டின்ல மீன் கிடங்குல வேலை பார்க்கிறவன்லா, எனக்குப் பழக்கம்” என்று அவள் அப்பா ஸ்ரீஸ்கந்தராஜாவிடம் அளந்துவிட்டான். உண்மையில் அவன் உட்காருவது வாசல் கவுண்டரில், மின்விசிறிக்கு அடியில். மறுநாளே மனிதர் கிடங்குக்கு வந்து நின்றார். உள்ளே நின்று தன் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கல்யாணம், ஓடினால் கிடையாது என்றார்.

“அங்க கடல் உறைஞ்சு போகாதோ, தம்பி?”

“போ... போகாது அங்கிள்! தெற்கேயிருந்து வெதுவெதுப்பா நீரோட்டம் வருது. கப்பல் வருஷம் முழுக்க வரும்.”

“மண்ணுக்குள்ள?”

“இரும்புத் தாது! கடலுக்கடியில கேஸ்!”

“அதை விடும். மீன்?”

“காட்னு ஒரு மீன் கொட்டிக் கிடக்கு. மரச்சட்டத்துல தொங்கவிட்டு, குளிர்காத்துலயே காய வச்சுருவாங்க. உப்பே போடமாட்டாங்க.”

அவர் முகம் பேயறைந்தது போலானது. “உப்பில்லாத கருவாடோ?”

“குளிர்காலத்துல சூரியனும் வராது அங்கிள்.”

“அப்ப பேப்பர் எப்பிடி வாசிக்கிறது?”

“லை... லைட்டு போட்டு!”

மோகனராஜின் பற்கள் உறுமி மேளம் அடித்தன. மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். தொட்ட விரல் இருக்கிறதா என்பதே தெரியவில்லை.

ஸ்ரீஸ்கந்தராஜா தாடையைத் தடவி யோசித்தார். “மிளகாய்த்தூள் கொண்டுபோக விடுவினம்தானே?”

“தாராளமா!”

“சரி. கலியாணத்தை வைப்பம்.”

கதவு திறந்தது. மாக் மண்டின் ஊர் வெக்கை அவனை அள்ளி அணைத்துக்கொண்டது. வாசலில் காத்திருந்த பிரியந்தி, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரேக் தேநீரை நீட்டினாள். உறிஞ்சும்போதுதான் அவன் கண்ணில் பட்டது: ஸ்ரீஸ்கந்தராஜாவின் ஜாக்கெட் கையில் விலைச்சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

“இந்த ஒரு சோதனைக்காகவா அங்கிள் புதுசு வாங்கினீங்க? வீண் செலவுலா!”

பிரியந்தி சட்டென்று வானத்தைப் பார்த்தாள்.

“வீணோ?” ஸ்ரீஸ்கந்தராஜா குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். “டிக்கெட் மூண்டு போட்டாச்சு, தம்பி. ஜன்னல் சீட் எனக்கு.”