பன்னிரண்டு முட்டையும் ஒரு காக்கையும்

வீடு கொடுக்கும்போதே சிவசைலம் பிள்ளை தெளிவாகச் சொல்லிவிட்டார். மீன், கறி, முட்டை மூன்றும் வாசல் தாண்டி உள்ளே வரக்கூடாது. மற்றபடி ஜெபம் பண்ணலாம், பாட்டுப் பாடலாம், அது அவரவர் இஷ்டம். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முகத்தைக்கூடப் பார்க்காமல் நான் சரி என்று தலையாட்டினேன். தென்காசியில் அதற்கு முன் நாலு வீடு பார்த்து, நாலிலும் பேரைக் கேட்டதும் கதவைச் சாத்தியிருந்தார்கள். இவர் ஒருவர்தான் நிபந்தனையோடாவது சாவியைக் கொடுத்தார். போதாக்குறைக்குப் புறவாசலில் வற்றாத கிணறு வேறு. முன்பு குடியிருந்த ஆலங்குளத்தில் ஒரு குடம் தண்ணீருக்கு நான் நடந்த நடைக்கு, இந்தக் கிணற்றுக்காக முட்டையென்ன, வெங்காயத்தையே விட்டிருப்பேன்.

என் வீட்டுக்காரர் பெயர் ஏசுதாசன். வாயால் சொல்லக் கூடாது, எழுதினால் குற்றமில்லை. தாலுகா ஆபீஸில் கிளார்க். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் ஐந்து வீடு மாறினோம். பிள்ளை இல்லாததால் மூட்டை கட்டுவது சுலபம் என்று ஆளுக்கு ஆள் ஆறுதல் சொல்வார்கள், அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வருஷம் வாக்கைக் காப்பாற்றினேன். மீன் ஆசை வந்தால் ஆலங்குளத்திலிருக்கும் நாத்தனார் சுகிர்தம் வீட்டுக்குப் பஸ் ஏறுவோம். கிறிஸ்துமஸும் அங்கேதான். அவள் அடுப்பு, அவள் சட்டி, அவள் அதிகாரம். கேக்குக்கு நான் மாவு சலிப்பேன், முந்திரிப்பருப்பு உடைப்பேன், வருகிறவர்களிடம் அவள் "நான் செஞ்சது" என்பாள். ஐம்பத்தெட்டாம் வருஷம் அவள் பிள்ளைப்பேற்றுக்காக நாசரேத் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஒரு கிறிஸ்துமஸாவது என் வீட்டில், என் கையால் நடக்க வேண்டும் என்பது என் பல நாள் ஆசை.

டிசம்பர் பிறந்ததும் வேலையை ஆரம்பித்தேன். சுண்ணாம்பைப் பானையில் போட்டு நீற்றி, இரண்டு சிட்டிகை நீலம் கலந்து, சுவருக்கெல்லாம் நானே அடித்தேன். ஏணி கொடுத்தது அடுத்த வீட்டிலேயே குடியிருந்த சிவசைலம் பிள்ளையின் மனைவி வடிவம்மாள் அக்கா. கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டதும் அவள்தான். புளியங்குடி எலுமிச்சம்பழம் ஒரு கூடை வாங்கி, தோலை மெல்லிசாகச் சீவிச் சீனிப்பாகில் போட்டு வைத்தேன். உலர்ந்த திராட்சையைத் திராட்சை ரசத்தில் ஊற வைத்தேன். கலர்க் காகிதத்தை வெட்டிச் சங்கிலி சங்கிலியாக ஒட்டினேன். நட்சத்திரம் மட்டும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. மூங்கில் சிம்பு கட்டி, கோதுமைப் பசை காய்ச்சி, மூன்று ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டார். கடைசியில் வந்த நட்சத்திரத்துக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. வாசலில் கட்டியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நாலாவது ஞாயிறும் போய்விடும்.

இதெல்லாம் சரி, முட்டைக்கு என்ன செய்வது? குற்றாலத்தில் பரீது அண்ணாச்சியின் ரொட்டிக் கடை இருந்தது. மலையாளத்துக்காரர்களைப் போல ரொட்டி சுடும் செங்கல் அடுப்பை அவர் போர்மா என்பார். சீசன் முடிந்து கூட்டம் இல்லாத மாதம், போர்மாவில் இடம் இருக்கிறது, மாவைக் கலக்கிக் கொண்டுவந்தால் சுட்டுத் தருகிறேன் என்றார். ஆனால் பன்னிரண்டு முட்டையை ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும். ஆம்பிளைகள் டீ குடிக்கிற கடையில் உட்கார்ந்து நான் எப்படி அடிப்பேன்?

ஆகவே அந்தப் பாவத்தைச் செய்தேன். தெருவில் கீரை விற்கும் மூக்கம்மாளிடம் ரகசியமாகச் சொல்லி வைத்தேன். அவள் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலை முருங்கைக்கீரைக்கு அடியில், தவிட்டுக்குள் பன்னிரண்டு முட்டையைப் புதைத்துக் கொண்டுவந்து இறக்கினாள். இந்தத் தொழிலில் அவளுக்கு நல்ல பழக்கம் இருப்பது போலத்தான் தெரிந்தது. நான் அப்போது அதை யோசிக்கவில்லை.

ஜன்னலைச் சாத்தி, கதவைத் தாழ்போட்டு, முட்டையை அடிக்க உட்கார்ந்தேன். நாலு முட்டை உடைத்திருப்பேன், கதவைத் தட்டும் சத்தம். எல்லாவற்றையும் முறத்தால் மூடிவிட்டுப் போய்த் திறந்தால் வடிவம்மாள் அக்கா, கையில் ஒரு கிண்ணம் வெண்ணெய். அவள் வீட்டுப் பசுவின் வெண்ணெய், காலையில் கடைந்தது. பெருநாள் பலகாரத்துக்கு ஆகுமே என்று கொண்டுவந்திருந்தாள். உள்ளே வரச் சொல்லாமல் வாசலிலேயே வாங்கிக்கொண்டேன். அவள் ஒன்றும் நினைக்காமல் சிரித்துவிட்டுப் போனாள். அந்த வெண்ணெயை அந்த முட்டையோடு சேர்த்துக் குழைக்கும்போது எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் குழைத்தேன்.

முட்டை ஓட்டை எல்லாம் நொறுக்கக்கூட நேரமில்லாமல் பழைய பேப்பரில் சுருட்டி, கிணற்றடி வாழை மூட்டில் அவசர அவசரமாகப் புதைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினோம். மடியில் மாவுச் சட்டி. பரீது அண்ணாச்சி மாவைத் தொட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்ச நேரம் அடித்திருக்கலாம் என்றார். எனக்கு வந்த கோபத்தை அருவிச் சத்தம் விழுங்கிவிட்டது. ஆனால் வெந்து வந்தபோது அந்த நிறமும் வாசனையும்! சுகிர்தம் வாழ்நாளில் அப்படி ஒன்று செய்ததில்லை. பஸ் நிலையம் வரை ஏழெட்டுக் குரங்கு எங்கள் பின்னாலேயே வந்தன. என் வீட்டுக்காரர் குடையை நீட்டியபடி பின்பக்கமாகவே நடந்து வந்தார். நல்லவேளை, தெரிந்தவர் யாரும் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி நல்ல மழை. காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். துவைகல் பக்கத்தில் வடிவம்மாள் அக்கா அசையாமல் நின்றாள். சுவரில் ஒரு காக்கை. அக்காவின் உள்ளங்கையில் பாதி முட்டை ஓடு, மழையில் நனைந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று. முட்டை ஓட்டைத் தலைப்பில் மறைத்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். குடம் நிரம்பாமலே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு நாள் அக்கா என் பக்கம் தலைகாட்டவில்லை. தண்ணீர் இறைக்கக்கூட நான் இல்லாத நேரம் பார்த்து வந்தாள். அவளைவிட எனக்கு வேதனை, அவள் பெண் உலகம்மாளைப் பார்க்க முடியாததுதான். ஒன்பது வயது. புரட்டாசியில் டைபாய்டு வந்து பிழைத்ததே பெரிய காரியம். முடியெல்லாம் கொட்டி, கையும் காலும் குச்சியாகி, ஜன்னலோரமே கதியென்று கிடந்தாள். நோய் வருமுன் பாதி நேரம் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள்.

என் வீட்டுக்காரர், நேரே போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றார். நீங்கள் போங்கள் என்றேன். ஆபீஸில் வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டார். அன்று சாயந்தரம் அவர் வந்ததும் நட்சத்திரத்தைக் கழற்றச் சொன்னேன். போகச் சொன்ன பிறகு கழற்றுவதைவிட நாமே கழற்றி வைப்பது மரியாதை. கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலு நாள்தான் இருந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை வீடு முழுக்க இருந்தது. ஆறாவது வீடு எங்கே தேடுவது, இந்த முறை பேரைக் கேட்டதும் எத்தனை கதவைச் சாத்துவார்கள்?

அவர் நாற்காலி போட்டு ஏறியிருந்தார். அப்போது புறவாசல் பக்கமாக வடிவம்மாள் அக்கா வந்தாள். விளக்கு வைக்கும் நேரம். அடுக்களைக்குள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். 

"ஜெபமலரு, நீ பாத்துட்டே. எனக்குத் தெரியும். அவுக காதுல மட்டும் போட்டுராதே தாயி, உன்னைக் கும்பிடுதேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. 

அவளே கொட்டித் தீர்த்தாள். உலகம்மாள் உடம்பு தேற முட்டை கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். புருஷனிடம் சொல்லத் தைரியமில்லை. ஒரு மாதமாக மூக்கம்மாளிடம் கீரைக்கடியில் வாங்கி, மாட்டுத் தொழுவில் வைத்துப் பாலில் அடித்துக் கொடுக்கிறாள். ஓட்டை வாழை மூட்டில் புதைக்கிறாள். இதில் பெரிய கொடுமை, குழந்தை ஒருநாளும் குடிப்பதில்லை. வாடைக்கே ஓங்கரித்துத் துப்பிவிடுகிறாள்.

"உங்களை முட்டை தொடப்படாதுன்னு சொல்லிட்டு, எங்க வீட்டுலயே இந்தக் காரியம் செய்யுதேன். நீ என்னை என்னன்னு நெனச்சிருப்பே? உன் மொகத்துல முழிக்கவே கூசுது."

உண்மையைச் சொல்கிறேன். ஒரு நிமிஷம் நான் பேசாமல் நின்றேன். பேசாமலே இருந்திருந்தால் வீடு தப்பியது, நட்சத்திரம் தப்பியது, ஆயுசுக்கும் அக்கா எனக்குக் கடமைப்பட்டவளாக இருந்திருப்பாள். அந்த ஓடு யாருடையது என்று காக்கையா வந்து சாட்சி சொல்லப் போகிறது? ஆனால் அவள் கை இன்னும் என் கையை விடாமல் பிடித்திருந்தது. அந்தக் கைதான் எனக்கு ஏணி பிடித்தது.

பரண்மேல் துணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட் டின்னை எடுத்துவந்து அவள் முன்னால் திறந்தேன். "அக்கா, இதுல பன்னெண்டு முட்டை கெடக்கு. உங்க வெண்ணெயும் இதுலதான் கெடக்கு" என்றேன்.

அக்கா டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். முதலில் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. அந்த மூக்கம்மாள் இரண்டு வீட்டுக்கும் கொடுத்துக்கொண்டு வாயே திறக்கவில்லையே என்று அவள் சொல்ல, மறுபடியும் சிரித்தோம். நாற்காலிமேல் நின்ற என் வீட்டுக்காரர், நட்சத்திரத்தைக் கழற்றவா, வேண்டாமா என்று வாசலிலிருந்து மூன்று தரம் கேட்டார். பதில் சொல்ல எங்களுக்கு மூச்சில்லை.

சிரித்து ஓய்ந்ததும் அக்கா கேக்கை முகர்ந்து பார்த்தாள். முட்டை வாடையே இல்லையே என்றாள். எலுமிச்சைத் தோலும் கருக்கிய சீனியும் போட்டால் எப்படித் தெரியும்? இருவருக்கும் ஒரே நேரத்தில் அந்த யோசனை வந்தது. ஒரு துண்டு வெட்டி வாழையிலையில் பொதிந்து கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து அவள் கிணற்றடியில் வந்து நின்று, இலையை விரித்துக் காட்டினாள். ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. துப்பவும் இல்லையாம். அவள் கண்ணில் நீர் வழிந்தது, எனக்கும் வழிந்தது.

கிறிஸ்துமஸ் அன்று விடியற்காலை ஆராதனை முடிந்து வந்து, அக்கா வீட்டுக்குத் தட்டு அனுப்பினேன். மேலே எல்லோருக்கும் முறுக்கும் முந்திரிக்கொத்தும். அடியில், இலைக்குள் மறைத்து உலகம்மாளுக்கு இரண்டு துண்டு கேக். வழக்கமாகத் தட்டைத் திருப்பிக் கொண்டுவருவது அக்கா. அன்று வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், நெற்றி நிறைய விபூதியோடு சிவசைலம் பிள்ளை. கையில் என் தட்டு. தட்டை வெறுமனே திருப்பக் கூடாதென்று சீனியும் வாழைப்பழமும் வைத்திருந்தார். அடியில் நான் வைத்த இலை மட்டும் காணோம்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். பிள்ளை அண்ணாந்து நட்சத்திரத்தைப் பார்த்தார். கொஞ்சம் கோணலாக இருக்கிறது, ஏணி நம் வீட்டில்தான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். 

"அந்தக் கருத்த பலகாரம் இன்னும் கெடக்காம்மா? பிள்ளை கேக்குது. நோவு வந்ததுக்கப்புறம் அவ வாய் விட்டு ஒரு பண்டம் கேட்டது இன்னைக்குத்தான்."

 கோயிலுக்குப் போகாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனுஷர். அவரிடம் மறைத்து இன்னொரு தரம் கொடுக்க என்னால் முடியாது. அக்காவைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது. என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று துணிந்து, "அண்ணாச்சி, அதுல நான் வந்து..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதுல என்ன கெடக்குன்னு நான் கேக்கலம்மா. இன்னும் கெடக்கான்னுதான் கேட்டேன்."

உள்ளே போய் டின்னோடு எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதைத் தோள் துண்டால் மூடிக்கொண்டு, மெல்ல நடந்து மகளிடம் போனார்.