பிரேக்கில் வைக்க முடியாத கால்

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து பதுளைக்கு இறங்கும் காலை பஸ்ஸை ஒன்பது வருஷமாகத் தயாபரன்தான் ஓட்டினான். அன்று விடியும்போதே அவனுடைய வலது கால் பெருவிரல் சிவந்து, தோல் மினுங்க வீங்கிக் கிடந்தது. போர்வை நுனி பட்டாலே உயிர் போனது.

மனைவி விஜயலெட்சுமி பார்த்துவிட்டு, "கவுட் வாதம் திரும்பவும் வந்திருச்சு. இன்னைக்குப் போகாதீங்க," என்றாள்.

"போன மாசம் ரெண்டு தடவ லீவு போட்டாச்சு. இன்னொரு நாள் வரலேன்னா வேற ஆளப் பாப்பேன்னு மொதலாளி சொல்லிட்டாரு."

முதலாளி ஜுனைதீனிடம் அவன் கவுட் என்று வாயே திறந்ததில்லை. ஒரு தடவை காய்ச்சல் என்றான், மறுதடவை மச்சான் வீட்டு விசேஷம் என்றான். கால் சுகமில்லாதவன் கையில் யார் பஸ்ஸைக் கொடுப்பார்கள்? வலி மாத்திரை இரண்டை விழுங்கினான். சப்பாத்து ஏறவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தான்.

பாதி வழி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டான். இறக்கம் செங்குத்தான இடத்தில்தான் வினை. ஒவ்வொரு மிதிக்கும் விரல் மூட்டுக்குள் கண்ணாடித் தூளை வைத்து அரைத்தது போல இருந்தது. ஒரு வளைவில் லொறியொன்று எதிரே ஏறி வந்தது. மிதிக்கப்போன கால் அவனைக் கேளாமலே பின்வாங்கிவிட்டது. பஸ் நிற்காமல் உருண்டது. கிளட்சிலிருந்த இடது காலை இழுத்து பிரேக்கில் போட்டான். லொறிக்கு ஒரு முழம் முன்னால், குலுங்கி நின்றது பஸ். உள்ளே ஒரே கூச்சல்.

கண்டக்டர் இராசையா ஓடி வந்தார். "என்னடா தயா?"

"பிரேக்... பிரேக் சரியில்லண்ணே."

அந்தப் பொய் தானாக வந்து விழுந்தது. இராசையா சக்கரங்களுக்குக் கல் வைத்தார், முதலாளிக்குப் போன் போட்டார். தூறலில் சனம் இறங்கி, சிலர் பதுளைக்கு நடக்கவே தொடங்கினார்கள். பஸ்ஸில் வந்த ரெங்கம்மா, கிளினிக் கொப்பி நனையாமல் சேலைக்குள் மறைத்துக்கொண்டு டிரைவர் பக்கம் வந்தாள். தேயிலைக் கொழுந்தெடுத்துக் கருத்த கையால் கும்பிட்டாள்.

"நல்லா இருப்ப தம்பி. நீ இல்லேன்னா இன்னைக்கு இத்தன பேரும் பள்ளத்துலதான்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இறங்கி எங்கேயாவது போகலாமென்றால் படி உயரம். கால் தரையில் படாது. மெக்கானிக் வந்தால் என்ன சொல்வது? பிரேக் குழாயைக் கழற்றிவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் நினைத்தான். அதற்கும் இறங்கவேண்டுமே! முக்கால் மணி நேரம் ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவே, பொறியில் சிக்கிய எலியாகக் குந்தியிருந்தான்.

முதலாளியும் மெக்கானிக் றில்வானும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். றில்வான் அடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்தான்.

"ஒண்ணும் வெளங்கல மொதலாளி, எல்லாம் சரியாத்தான் இருக்கு. தயாண்ணே, ஒருக்கா அமத்துங்க பாப்பம்."

தயாபரன் காலைத் தூக்கி வைத்தான். அமத்த முடியவில்லை. கண்ணில் நீர் முட்டியது.

"ஏலாது மொதலாளி. பிரேக்குல ஒண்ணுமில்ல. என் காலுதான்."

ஜுனைதீன் எட்டிப் பார்த்தார். செருப்பு வாரைத் தாண்டிப் பிதுங்கிய விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளா?"

"மூணு வருஷமா வந்து வந்து போகுதுங்க."

"மூணு வருஷமா இந்தக் கால வெச்சிக்கிட்டா இத்தன சனத்தயும் எறக்கின?"

பக்கத்தில் நின்ற ரெங்கம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் நடந்தாள். கும்பிட்ட கையால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

பஸ்ஸை றில்வான் ஓட்டிப் போனான். தயாபரனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய முதலாளி, "டொக்டர் கடுதாசி இல்லாம சாவி கேட்டு வராத," என்றார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பழைய மருந்துத் துண்டைப் பார்த்தார். "யூரிக் அமிலத்தக் கொறைக்கிற மாத்திர தந்திருக்கே. எவ்வளவு நாள் குடிச்சீங்க?"

"வலி நிக்கிற வரைக்கும் சேர்."

"அது வலி மாத்திர இல்ல. வலி இல்லாத நாள்லயும் குடிக்கணும். இந்த வீக்கம் வத்தட்டும், திரும்பத் தொடங்குவோம். மொதல் மாசங்கள்ல வலி மறுபடி வரும். பயந்து நிப்பாட்டிராதீங்க. ரத்தத்துல அந்த அமிலம் ஆறுக்குக் கீழ வந்து, வலி வராம இருந்தாத்தான் கடுதாசி."

நாலு மாதமாகிவிட்டது. டொக்டர் வேண்டாமென்ற கருவாடும் நெத்தலியும் வீட்டுக்கு வருவதில்லை. ஒன்பதரையில் இருந்த ரத்தக் கணக்கு ஏழில் வந்து நிற்கிறது. விஜயலெட்சுமி பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்கப் போனபின் லயத்து அறையில் அவன் தனியாகக் கிடக்கிறான். போன செவ்வாய்க்கிழமை விரல் மறுபடியும் வீங்கியது, இந்தத் தடவை இடது காலில்.

"இத்தன மாசம் குடிச்சும் வந்திருச்சே. இந்த மாத்திரய விட்டுருவமா?" என்று கேட்டாள் அவள்.

தயாபரன் தலையணை மேல் தூக்கி வைத்த காலைப் பார்த்தான். விட்டுவிடத்தான் மனசு அடித்துக்கொண்டது.

"தண்ணியக் குடு," என்று மாத்திரைக்குக் கையை நீட்டினான்.