கேட்காமல் நின்றவள்

ஆரோக்கியசெல்வி வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பதினோரு மணிக்கெல்லாம், "அக்கா, நாம உக்கார்றதுக்கு எடம் எங்க?" என்று கேட்டாள்.

இளவரசிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. விழுப்புரத்தில் சக்கரபாணியின் ஜவுளிக்கடையில் அவள் பத்தொன்பது வருடமாக நிற்கிறாள். துணி மடிக்க வந்தவள், இன்றைக்குப் புடவைத் தளத்துக்கு சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே பதினான்கு பெண்கள். அந்தத் தளத்தில் உட்காருகிறவர்கள் புடவை வாங்க வந்தவர்கள் மட்டுந்தான்.

"சாப்பாட்டு நேரத்துல உக்காரலாம்," என்றாள்.

"அது இல்லக்கா. கஸ்டமர் இல்லாதப்ப உக்கார சீட்டு போடணும்னு சட்டமே இருக்குது, பாருங்க." அந்தப் பெண் போனை நீட்டினாள்.

மற்ற பெண்கள் மடித்துக்கொண்டிருந்த புடவையோடு அப்படியே நின்றார்கள். இளவரசி போனைப் பார்க்கவில்லை.

"எந்த ஊரும்மா நீ?"

"முகையூருக்கா. அப்பா மல்லாட்டை, கரும்புன்னு பயிர் வைக்கிறாரு. நான் பி.பி.ஏ. முடிச்சிருக்கேன்."

"பி.பி.ஏ. முடிச்சிட்டுப் புடவ மடிக்க வந்திருக்க."

"மடிக்க வரலக்கா. விக்க வந்திருக்கேன்."

அன்றைக்கே இளவரசி அவளுக்கு மகாராணி என்று பெயர் வைத்துவிட்டாள். தளத்தில் அதற்குப் பிறகு யாரும் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி இளவரசிக்குத் தீர்மானமான ஒரு கருத்து இருந்தது. எல்லாம் தங்களுக்கு வரவேண்டியது என்று நினைக்கிறார்கள். அப்படி நினைக்கிற எதுவும் உருப்படாது. காலையில் ஷட்டர் ஏறியதும் பெண்களை வரிசையாக நிறுத்தி அதைத்தான் சொல்வாள். "நான் இன்னிக்கு வரைக்கும் முதலாளிகிட்ட வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்ல. பாத்துக்கினே இருக்காரு இல்ல, அவரா குடுப்பாரு." அவர் ஒன்றும் கொடுத்துவிடவில்லைதான். ஆனால் இரண்டு தீபாவளிக்கு முன்னால் ஒருநாள், மாடிப்படி இறங்கிக்கொண்டே, "திண்டிவனத்துல கடை போட்டா உன்னத்தான் நம்பி உடணும்," என்று சொன்னார். இளவரசி அந்த ஒரு வாக்கியத்தோடு இரண்டு வருடம் குடித்தனம் நடத்தினாள்.

ஆடித் தள்ளுபடி தொடங்கியதும் மகாராணியை வாசலுக்குப் போட்டாள். வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்கிற வேலை. காலை ஒன்பதரை முதல் கடை சாத்துகிற வரை வெயிலுக்கும் ஏசிக் காற்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் ஆள் மாற்றுவாள், இவளுக்கு மாற்றவில்லை. கழிப்பறைச் சாவி இளவரசியின் இடுப்பில் தொங்கியது. மகாராணி வந்து கேட்டால், கையிலிருக்கும் புடவையை மடித்து, அடுத்ததையும் மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு, பிறகுதான் சாவியை எடுப்பாள். அவளோடு பேசிய ஒரு பெண்ணையும் வாசலுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணின் பாதம் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கிவிட்டது. வெறுங்காலோடு நின்றாள். அழுவாள் என்று இளவரசி காத்திருந்தாள். அழவில்லை. இளவரசிக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு அறையில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். இளவரசி தன் புடவையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். இரண்டு கெண்டைக்காலிலும் நரம்புகள் பச்சையாக முறுக்கிக்கொண்டு புடைத்திருந்தன.

"பாத்தியா? இதோட நிக்கிறேன். ஏழு மாசத்துல எனக்கு ஒரு கொழந்த தங்காமப் போச்சு. தீபாவளி சேல்ஸ். ரத்தம் எறங்கிக்கினு இருக்குது, நான் நின்னுக்கினே பட்டுப்புடவ காட்டிக்கினு இருந்தேன். பதினோராம் நாளு திரும்ப வேலைக்கு வந்துட்டேன். ஒரு வார்த்த கேட்டிருப்பேனா?"

அந்தப் பெண் தயிர்சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் அந்தக் கால்களையே பார்த்தாள்.

"ஏன்க்கா கேக்கல?" என்றாள்.

அந்தக் கேள்வி இளவரசிக்குள் மீன்முள்ளாகக் குத்தி நின்றது. இத்தனை வருடத்தில் அவளை அப்படி யாரும் கேட்டதில்லை. புருஷன் கேட்டதில்லை. அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இந்தப் பெண் இனிமேல் கடையில் இருக்கக் கூடாது என்று சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போதே முடிவு செய்தாள்.

அடுத்த வாரமே காரணம் கிடைத்தது. மதியம் கூட்டமில்லாத நேரத்தில் மகாராணி கவுண்டருக்குப் பின்னால் ஒரு துணிமூட்டையின் மேல் உட்கார்ந்து போனில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். இளவரசி தளமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். எழுந்து எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.

"எழுந்துக்கிறேன்க்கா. மன்னிப்பு கேக்க மாட்டேன். நான் தப்பு பண்ணல."

இளவரசி நேராக முதலாளி அறைக்குப் போனாள். அந்தப் பெண் தொழிலாளர் ஆபீசுக்கு மனு எழுதுகிறாள் என்றும், மற்ற பெண்களிடம் கையெழுத்து வாங்குகிறாள் என்றும் சொன்னாள். கையெழுத்து வாங்கியது பொய். மனு உண்மையா பொய்யா என்று அவளுக்கே தெரியாது. சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அனுப்பு அவள."

அந்தப் பெண் உள்ளே போனாள். இளவரசி வெளியே நின்றாள். அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு டீ உள்ளே போனது. பிறகு இன்னொரு டீ. வேலையை விட்டு அனுப்புகிற பெண்ணுக்கு முதலாளி டீ வாங்கித் தரமாட்டார் என்று இளவரசிக்கு அப்போதுதான் தோன்றியது.

கதவு திறந்தது. மகாராணி அவளைத் தாண்டி வாசலுக்குப் போனாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"ஆவணியில திண்டிவனம் தெறக்கிறோம்," என்றார் சக்கரபாணி, உள்ளே வந்த இளவரசியிடம். "அந்தப் பொண்ண அங்க மேனேஜராப் போடறேன்."

இளவரசி மேஜை வரை வந்துவிட்டாள். "முதலாளி, அந்தக் கடைய எனக்குன்னு..."

"உனக்கா?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நீ எப்ப கேட்ட?"

இளவரசி இடுப்பிலிருந்த சாவியைத் திருகினாள்.

"அவ போன்ல புடவயக் காட்டி நூத்திப்பத்து புடவ வித்திருக்கா இளவரசி, இந்த ஒரு மாசத்துல, வாசல்ல நின்னுக்கினே. உனக்குத் தெரியுமா? இன்னிக்கு அத என்கிட்ட காட்டிட்டு, 'திண்டிவனத்த எங்கிட்ட குடுங்க சார், எனக்கு அந்தத் தகுதி இருக்குது'ன்னு கேட்டா. இருபத்துநாலு வயசு. கொஞ்சம்கூடக் கூச்சம் இல்ல." அவர் சிரித்தார். "மனு விஷயமும் கேட்டேன். 'எழுதி வச்சிருக்கேன், இன்னும் அனுப்பல'ன்னு சொன்னா. வெளிய உட்டா பேஜாரு. உள்ள வச்சிக்கினா வேலைக்கு ஆவும். நீ இருக்கிற எடத்துலயே நிம்மதியா இருக்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

கிளம்புகிறவளை மறுபடி கூப்பிட்டார். "நீயும் அங்கயே போ. புதுப் பொண்ணுங்களுக்குத் தொழில் சொல்லித் தர ஆள் வேணுமாம். உன்னத்தான் கேட்டா."

ஆவணியிலிருந்து இளவரசி தன் வீடு இருக்கிற முண்டியம்பாக்கத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் போனாள். அந்தப் பெண் தன்னை எதற்குக் கேட்டு வாங்கினாள் என்று தினமும் பஸ்ஸில் யோசித்தாள். பழிவாங்குவாள் என்று எதிர்பார்த்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆரோக்கியசெல்வி காலையில் வணக்கம் சொன்னாள், அக்கா என்றாள், வேலையைச் சொன்னாள், தன் அறைக்குப் போனாள். கண்ணாடிச் சுவருக்கு உள்ளே சுழல்நாற்காலி.

கடை திறந்தபோது புடவைத் தளத்தில் ஆறு ஸ்டூல்கள் இருந்தன. இரண்டாவது மாதம் விற்பனை இறங்கியது. அடுத்த திங்கட்கிழமை ஸ்டூல்கள் குடோனுக்குப் போயின. அதிகாரி யாராவது வந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துப் போடவேண்டும் என்று காவலாளி சவுரிராயனிடம் ஆரோக்கியசெல்வி சொல்லி வைத்தாள். பெண்கள் முணுமுணுத்தார்கள். யாரும் போய்க் கேட்கவில்லை.

கார்த்திகையில் இளவரசியின் இடது கணுக்காலுக்கு மேலே புண் வந்தது. ஆறவில்லை. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டுப் போட்டுவிட்டு, நின்று பார்க்கிற வேலையை இன்றோடு விட்டுவிடு, இல்லாவிட்டால் இந்தப் புண் உன்னை விடாது என்றாள். இளவரசி நான்கு நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தாள். ஐந்தாம் நாள் கண்ணாடி அறையின் கதவைத் தட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முதலாளி ஸ்தானத்துக்கு முன்னால் நின்று தனக்காக ஒன்று கேட்கப் போகிறாள். உள்ளே போனாள். கட்டை அவிழ்த்துக் காட்டினாள்.

"பில்லிங்குல உக்கார்ற வேல குடும்மா. இல்லன்னா புடவத் தளத்துலயே ஒரு ஸ்டூலு."

ஆரோக்கியசெல்வி புண்ணை நன்றாகப் பார்த்தாள். முகத்தில் வருத்தம் இருந்தது; நடிப்பில்லை.

"பில்லிங்குக்குக் கம்ப்யூட்டர் தெரியணுமேக்கா. தளத்துல உங்கள உக்கார வச்சா பதினாறு பேரும் கேப்பாங்க."

"நீ கேட்டவதான?"

"நான் எனக்குக் கேட்டேன்க்கா." குரலில் கோபமோ குத்தலோ இல்லை. "மத்தவங்களுக்கும் சேத்துக் கேட்டிருந்தா என்ன அன்னிக்கே அனுப்பியிருப்பாரு. உங்களால முடியலைன்னா சொல்லுங்க, சார்கிட்ட பேசிக் கணக்கு முடிச்சித் தரச் சொல்றேன். இருக்கறதுன்னா நின்னுதான் ஆவணும்."

"இருக்கேம்மா," என்றாள் இளவரசி.

"சரிக்கா. ஒம்பது கெஜப் புடவ தீர்ந்துபோச்சாம், குடோன்ல பாருங்க."

இளவரசி கட்டைத் திரும்பச் சுற்றினாள். குனிந்து சுற்றுகையில் அவளுக்குள் ஒரு வியப்பு எழுந்தது. அந்தப் பெண் மீது கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நாம் இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்போம். இவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்க மாட்டோம். அப்படி நினைத்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. அந்த லேசுதான் அவளைப் பயமுறுத்தியது. ஆனால் அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. வெளியே முகூர்த்தக் கூட்டம். மேல்மலையனூர்ப் பக்கத்துக் கல்யாண வீட்டார் பத்துப் பேர் மெத்தையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தூணருகே லூர்துமேரி, சேர்ந்து மூன்று நாளான பெண், ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துத் தூணில் சாய்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வை. உதடு வெளுத்திருந்தது. இளவரசியைக் கண்டதும் ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"நேரா நில்லுடி," என்றாள் இளவரசி.