நாலாவது சிலிண்டர்

வெள்ளிக்கிழமை, எட்டு மாடி லிஃப்ட் ஒன்றைப் பழுதுபார்க்கக் காலையிலிருந்து மல்லுக்கட்டிவிட்டு, பிற்பகல் வீட்டுக்கு வந்தேன். பின்பக்கக் கொட்டகையில் சுவரோரமாகக் காற்று நிரப்பிய நாலு சிலிண்டர் நின்றது. நான் போட்ட கணக்கில் மூன்றுதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

நானும் என் மனைவியும் தண்ணீர் நிறைந்த குகைக்குள் நீந்துகிறவர்கள். முதுகில் மாட்டியிருக்கும் ரீபிரீதர், நாம் விடுகிற மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும். அது மக்கர் பண்ணாதவரை கவலையில்லை. பண்ணிவிட்டால், தலைக்கு மேலே பாறை, ஏறி ஓட வழி கிடையாது. பக்கத்தில் கட்டிக்கொண்டு போன சிலிண்டரில் மூச்சு விட்டபடி வந்த தூரம் முழுவதும் திரும்பி நீந்த வேண்டும். ஓர் ஆள் திரும்பிவர எவ்வளவு காற்று வேண்டுமோ, அதைப்போல் ஒன்றரை மடங்கை இரண்டு பேருமாகச் சுமப்போம். ஒருவர் கருவி கெட்டால் மற்றவர் தன் சிலிண்டரையும் கொடுத்தாக வேண்டும். பதினோரு வருஷமாக இந்தக் கணக்கு என் பொறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போக இருந்தது தொள்ளாயிரம் மீட்டர் உள்ளே, குகை இடப்பக்கம் திரும்பும் ஒரு மூலைக்கு. அதற்கப்பால் என்ன இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. மூன்று வருஷ லீவும் என் இரண்டு முழங்காலும் அந்த மூலைக்குத்தான் போயின. நிமிஷத்துக்கு இருபது லிட்டர் மூச்சு, அந்த ஆழத்தில் அது நாலு மடங்கு செலவாகும், திரும்பிவர ஒரு மணி நேரம். ஓர் ஆளுக்கு இரண்டு சிலிண்டர், ஒன்றரை மடங்குக்கு மூன்று. இதில் எங்கே தப்பு?

அவள் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் பிடித்துக்கொண்டேன். என் கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் மூஞ்சிக்கு நேரே சொல்லவேண்டியதுதானே, திருட்டுத்தனமாக ஒன்று நிரப்பி வைப்பானேன் என்று கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து நின்றாள்.

"போன மாசம் ஒத்திகை முடிஞ்சப்ப உங்க சிலிண்டர்ல எவ்வளவு மிச்சம் இருந்துச்சு?"

"நூத்தி முப்பது. நோட்டுல இருக்கே."

"எம்பத்தேழு. நான் கேஜைப் பாத்தேன்."



நூற்றைம்பது மீட்டர் உள்ளே, கருவி கெட்டதாக வைத்துக்கொண்டு சிலிண்டருக்கு மாறிப் பார்த்த ஒத்திகை அது. யார் கால் பட்டதோ, சேறு கலங்கிவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. நாய் மாதிரி மூச்சு வாங்கினேன், வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. வெளியே வந்ததும், மிச்ச அழுத்தம் என்று கேஜ் காட்டியதை மறைத்து, காட்டியிருக்க வேண்டியதை எழுதிவிட்டேன். எண்பத்தேழை வைத்துப் பார்த்தால் என் மூச்சு நிமிஷத்துக்கு இருபது லிட்டர் இல்லை, முப்பத்திநாலு.

"நாலாவது எனக்கில்லங்க. அது உங்களுக்கு. நீங்க சொல்லமாட்டீங்க, நானே சுமந்துக்கலாம்னு பாத்தேன்," என்றாள்.

அதற்குப் பிறகு கத்த என்ன இருக்கிறது? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முப்பத்திநாலை வைத்துப் போட்டால் நாலு சிலிண்டருக்கும் எழுநூறு மீட்டர்தான் வந்தது. ஐந்தாவதற்கு இடமில்லை. வழியிலுள்ள இடுக்கில் ஆளுக்கு இரண்டுக்கு மேல் நுழையாது.

"நீ பல் டாக்டரோட போ," என்றேன். எங்களோடு குகைக்கு வருகிறவன்தான் அவன், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், என் அளவுக்கு அவனுக்குக் காற்று செலவாகாது. அவள் மறுப்பாள் என்று நினைத்தேன்.

"சரி," என்றாள். "ஆனா கணக்கு நீங்கதான் போடணும்."

மூன்று வருஷம், ஒரே ஒரு 'சரி'. போனை எடுத்து அவனிடம் அவன் மூச்சு எவ்வளவு என்று கேட்டேன்.

"பதினெட்டுண்ணே," என்றான் பெருமையாக.

"எங்க வச்சு அளந்தே?"

"நீச்சல் குளத்துலதான்."

போனை வைத்துவிட்டேன். எனக்குப் பொறாமையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சேற்றுக்குள் அவன் இருந்ததில்லை, நான் இருந்தேன். அவன் பெயருக்கு நேரே முப்பத்திநாலு என்று எழுதினேன். அவள் பெயருக்கு நேரேயும் அதையே எழுதினேன். பழைய நோட்டைப் புரட்டி, நூற்று முப்பதை அடித்துவிட்டு எண்பத்தேழு போட்டேன். எல்லாவற்றையும் அவளிடம் நீட்டினேன்.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். "யார் போனாலும் எழுநூறுதானா?"

"பயந்துட்டா எல்லாருக்கும் ஒரே மூச்சுதான். அதுக்கு மேல ஒரு மீட்டர்கூட நான் எழுதமாட்டேன்."

"அப்ப அந்த மூலை?"

"நம்ம காலத்துல இல்ல."

அவளுக்குக் கண் கலங்கியது. அந்த மூலை அவளுக்கும்தான் மூன்று வருஷம். முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை என் சட்டைப் பையில் செருகினாள்.

"எழுநூறுதான்னா பல் டாக்டர் எதுக்கு? நீங்களே வாங்க."

உடம்பெல்லாம் வலித்தது. வருகிறேன் என்றேன்.