சாமி கசத்துக்குப் போய்த் திரும்பிய வாளை

1

இந்தக் கதை ஒரு மீன் முள்ளில் பிறந்தது. முள் என் தொண்டையில் இருந்தது.

ராஜபாளையத்தில் நண்பர் சின்னத்துரை வீட்டு விருந்து. கெண்டைக் குழம்பு. பேசிக்கொண்டே சாப்பிட்டால் இப்படித்தான் ஆகும் என்று என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். சின்னத்துரை வெறும் சோற்றை உருட்டிக் கொடுத்து, "மெல்லாம முழுங்குங்க சார்" என்றார். முழுங்கினேன். முள் அசையவில்லை. அடுத்து ஒரு வாழைப்பழம். அதற்கும் அசையவில்லை.

"என்ன சார் இது, ஏசம்மா வாளை கணக்கா போகவும் மாட்டேங்குது, வரவும் மாட்டேங்குது" என்றார். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். கண்ணில் நீர் வழிய, அது என்ன என்று கையாலேயே கேட்டேன்.

"அது சாமி கசத்துக்குள்ள போயிட்டுத் திரும்பி வந்த மீனு சார். தூண்டில் போட்டது ஒரு பொம்பள. வெள்ளக்காரன் காலத்துல."

அவருக்குத் தெரிந்தது அம்புட்டுதான். முள் அன்றைக்கே இறங்கிவிட்டது. இந்த ஒரு வரி மட்டும் இறங்காமல் நிற்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

முதல் தொடக்கம்:

"மேற்கு மலையின் மடியிலிருந்து துள்ளிக் குதித்துப் பாய்ந்து வரும் அந்த ஆறு—"

[சித்திரை மாதத்தில் அங்கே எந்த ஆறும் துள்ளாது. அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்:

"பசியில் சுருண்டு கிடந்த மூன்று குழந்தைகளையும் பார்த்த ஏசம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு தூண்டிலை—"

[இதையும் அடித்துவிட்டேன். ஒரு ஏழைப் பெண் தூண்டிலைத் தொட வேண்டுமென்றால் வீட்டில் பட்டினி கிடந்தாக வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? ஏசம்மாளுக்கு மீன் பிடிக்கப் பிடிக்கும். நூலில் மிதக்கும் தக்கை தண்ணீருக்குள் போகும்போது அவளுக்கு அடிவயிறு ஜிலீர் என்னும். மாதா கோவில் மணி அடித்தாலும் அவளுக்கு அந்தச் சிலிர்ப்பு வந்ததில்லை; இதைப் பாதிரியாரிடம் சொல்ல வேண்டாம்.]

மூன்றாம் தொடக்கம். இது நிற்கும் போலிருக்கிறது:

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு சித்திரை. அய்யனார் கோவில் ஆறு வற்றி, பாறைகளுக்கு நடுவே ஆழமான பள்ளங்களில் மட்டும் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்தப் பள்ளங்களைக் கசம் என்பார்கள். ஆறு நெடுகத் திரிந்த விராலும் கெளுத்தியும் கசங்களுக்குள் வந்து அடைகிற காலம் அது. கெளுத்திச் சாதியிலேயே பெரியதான வாளையும், மீசையை ஆட்டிக்கொண்டு, பெரிய கசத்தின் பாறைப் பொந்துக்குள் வந்து படுத்துக்கொண்டது.

3

பெரிய கசத்தின் கரையில் ஒரு பாறை. அது சூசையின் துறை. அங்கே உட்கார்ந்து தூண்டில் போடும் உரிமை சூசைக்கு மட்டும்தான். அவன் கண்டிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனான், போனவன் போனவன்தான். அவன் மனைவி ஏசம்மாள் கொஞ்ச நாள் அழுதாள். பிறகு அவனுடைய மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு அந்தப் பாறையில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பக்கத்துத் துறைக்காரன் கண்ணுச்சாமிக்கு இது பொறுக்கவில்லை.

"பொம்பள கெண்ட பிடிக்கட்டும், கெளுத்தி பிடிக்கட்டும், நான் வேண்டாங்கல. வாளைய எடுக்க முடியுமா? முடியாதவளுக்கு எதுக்கு வாளைத் துறை?"

ஊர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. சித்திரை முடிவதற்குள் ஏசம்மாள் தன் தூண்டிலில் ஒரு வாளையை எடுத்தால் துறை அவளுக்கு. எடுக்காவிட்டால் கண்ணுச்சாமிக்கு. துறை போனால் அவள் பஞ்சரவை மில்லுக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான். சோற்றுக்குக் குறைவிருக்காது. ஆனால் ஆற்றைப் பார்க்காமல், நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியைத் தின்றுகொண்டு இருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

நடுவராக யாரைப் போடுவது? இங்கேதான் நம்பி வருகிறார். அவரை இந்தக் கதையிலிருந்து நான் பலமுறை துரத்திப் பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஐயங்காருக்கு மீன் துறையில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்கள் என்ற பயம்தான். அவர் போகவில்லை. சேத்தூர்ப் பக்கம் மாந்தோப்பு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். சித்திரையில் காய் இறக்க வந்தாக வேண்டும். அதோடு, மீன் தின்கிற நடுவருக்கு நாக்கில் எச்சில் ஊறித் தீர்ப்பு கோணிவிடும் என்று ஊர் நம்பியது. நம்பிக்குக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் வித்தியாசம் தெரியாது. அதுவே அவருடைய பெரிய தகுதி.

4

சித்திரையின் கடைசி நாள். நம்பி மூக்கை மேல்துண்டால் மூடிக்கொண்டு மருத மர நிழலில் உட்கார்ந்திருந்தார். கண்ணுச்சாமி தன் பெட்டி படுக்கையோடு வந்திருந்தான். பொழுது சாய்ந்ததும் பாறைக்குக் குடியேற வேண்டுமே.

முற்பகலில் ஏசம்மாளின் தக்கை ஆடவில்லை, அசையவில்லை, ஒரேயடியாகக் காணாமல் போயிற்று.

"மாதாவே!" என்று எழுந்து நின்றாள். கம்பு வில்லாக வளைந்தது. நூல் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. ஆழத்துக்கு ஓடியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். மீன் ஆற்றின் மேல்பக்கம் ஓடியது, பாறை இடுக்கு வழியாக, அடுத்த பள்ளமான சாமி கசத்துக்குள்.

சாமி கசத்து மீன் அய்யனாருக்குச் சொந்தம். அதை யாரும் பிடிப்பதில்லை. எல்லைப் பாறையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று உண்டு.*

"கோட்டத் தாண்டிருச்சு!" என்று கண்ணுச்சாமி துள்ளினான். "ஏட்டி ஏசம்மா, நூல அறுத்து விடு! அது இப்ப சாமி மீனு!"

"கடிச்சது என் துறையிலண்ணே. தூண்டி முள்ளு என் முள்ளு."

"முள்ளு உன் முள்ளுதான். தண்ணி யார் தண்ணி?"

இரண்டு பேரும் நம்பியைப் பார்த்தார்கள். நம்பி மூக்கிலிருந்து துண்டை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு ஒரு மீன்மேல் அக்கறை வந்திருந்தது.

"குரங்குக்குட்டி தாயைப் பிடிச்சுண்டு தொங்கும். பூனைக்குட்டியைத் தாய் கவ்விண்டு போகும். இந்த மீன் என்ன கட்சி?"**

"சாமி, கையி அறுக்குது, சீக்கிரம் சொல்லுங்க" என்றாள் ஏசம்மாள்.

"சரி. அவ இழுக்கப்படாது, அது சாமி ஜலம். நீ அறுக்கப்படாது, அது அவ நூல். மீன் தானா கோட்டைத் தாண்டி வந்தா அவளோடது. பொழுது சாயறவரைக்கும் வரலேன்னா பெருமாளுக்கு."

"அய்யனாருக்கு" என்றான் கண்ணுச்சாமி.

"அய்யனாருக்கு" என்று நம்பி திருத்திக்கொண்டார்.

---
* இந்தக் கோட்டைத் தேடி யாரும் கோவிலுக்குப் போக வேண்டாம். கதைக்காக நான் அடித்த சுண்ணாம்பு.

 ** வைணவர்களுக்குள் பழைய சண்டை: பக்தன் கடவுளைப் பிடிக்க வேண்டுமா, கடவுள் பக்தனைப் பிடிப்பாரா? மற்றவர்கள் கவலைப்படாமல் மேலே படிக்கலாம்.

5

இந்த இடத்தில் நான் ஒரு முடிவு எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது:

"பொழுது சாய்ந்தது. பட்டென்று நூல் அறுந்தது. வெறும் கம்போடு நின்ற ஏசம்மாள், தூரத்தில் மலையைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்—"

அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று யோசித்து அரைநாள் போயிற்று. ஒன்றும் இல்லை. ஏழை ஜெயித்தால் கதைக்குக் கனம் குறைந்துவிடும் என்று எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பயம். அதனால் கை தானாகவே நூலை அறுத்துவிடும். அறுத்த பிறகு ஒரு சிரிப்பை ஒட்டிவிட்டால் போதும், படிக்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

இன்னொரு முடிவில், சரியாக அந்த நேரம் பார்த்து, கண்டியிலிருந்து சூசை திரும்பி வந்து மனைவியின் கையிலிருந்து கம்பை வாங்குகிறான். எழுதி முடித்ததும் எனக்கே கோபம் வந்தது. இவ்வளவு நாள் எங்கேடா போயிருந்தாய்? கப்பலுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

6

ஏசம்மாள் இன்னும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. உள்ளங்கையில் நூல் பதிந்த இடம் எரிகிறது. மீன் சாமி கசத்தின் தரையோடு தரையாகக் கல் மாதிரி படுத்திருப்பது நூல் வழியே அவளுக்குத் தெரிகிறது. அவள் இழுக்கவில்லை, ஆனால் நூல் முறுக்காக நிற்கிறது. அந்த முறுக்கு இருக்கிறவரை மீனும் முறுக்கிக்கொண்டுதான் கிடக்கும்.

அவள் கம்பைத் தாழ்த்தினாள். சுருட்டி வைத்திருந்த நூலையெல்லாம் அவிழ்த்துத் தண்ணீரில் விட்டாள்.

"விட்டுட்டா! விட்டுட்டா!" கண்ணுச்சாமி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஓடிவந்தான்.

நம்பிக்கு முகம் செத்துப்போயிற்று. "என்னம்மா, விட்டுட்டியா?"

"விடல சாமி. சும்மா இருக்கேன். செத்த நேரம் எல்லாரும் சும்மா இருங்க."

'எல்லாரும்' என்றதில் நானும் சேர்த்தி என்று பட்டது. பேனாவை மூடிவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது தக்கை நகர்ந்துகொண்டிருந்தது.

சாமி கசம் பெயருக்குத்தான் கசம், ஆழமில்லாதது. உச்சி வெயிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியிருந்தது. இழுப்பு நின்றதும் வாளைக்குத் தன்னுடைய இருட்டுப் பொந்து நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இடுக்கு வழியாக மெல்ல, யாரோ கூப்பிட்டது போல, இறங்கி வந்தது. தக்கை சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது.

ஏசம்மாள் கம்பைச் சுண்டினாள் பாருங்கள்! கசம் வெடித்தது. வாளை வாலைத் தூக்கி அடித்த அடியில் நம்பியின் நாமம் கரைந்தது. அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். அது இழுத்தால் விடுகிறாள், அது அசந்தால் சுற்றுகிறாள். மீன் பொந்துப் பக்கம் திரும்பியபோது ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தியது:

"பொந்துக்கு விடாதட்டி! இந்தப் பக்கம் திருப்பு! இழு, இழுட்டி ஏசம்மா!"

கத்தியது கண்ணுச்சாமி. துறை, வழக்கு எல்லாம் மறந்துபோய், கழுத்தளவு தண்ணீரில் நின்று பொந்தை மறித்துக்கொண்டிருந்தான். இதை நான் திட்டமிடவில்லை. அவனை வில்லனாகத்தான் வைத்திருந்தேன்.

ஏசம்மாள் செவுளுக்குள் கையைக் கொடுத்து மீனைக் கரையில் தூக்கிப் போட்டாள். அவள் இடுப்பு உயரம் இருந்தது.* நம்பி எழுந்து நின்று, கூச்சமே இல்லாமல், "கோவிந்தா!" என்று இரண்டு கையையும் தூக்கினார். ஏசம்மாள் அழுதாள், சிரித்தாள், மீனை ஒரு அறை அறைந்தாள். இந்தக் கதையை எழுதியதில் எனக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

---
* சின்னத்துரை, ஆள் உயரம் என்றார். கை மாறும்போதெல்லாம் மீன் வளரும். நான் இடுப்போடு நிறுத்தினேன்.

7

அவள் மீனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"வீடு அந்தப் பக்கம்லா இருக்கு? எங்கட்டி போற?" என்கிறான் கண்ணுச்சாமி.

"கடைத்தெரு வழியா சுத்திப் போறேண்ணே. எல்லாவனும் பாக்கட்டும்."

அவள் ராஜபாளையம் போய்ச் சேர எம்புட்டு நேரமாகும், கடைத்தெருவில் யார் யார் வாய் பிளப்பார்கள், மீனைச் சுடுவாளா, குழம்பு வைப்பாளா, கண்ணுச்சாமிக்கு ஒரு துண்டு கொடுப்பாளா, இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் நூலை விட்டுவிட்டேன். கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நிபந்தனைதான்: வழியில் எவனையாவது அனுப்பி அந்த மீனை அவளிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். கண்ணுச்சாமி ஈரத் துணியோடு அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறான், அடிக்கத் தயங்கமாட்டான்.