வடக்கு மூலை மரங்கள்

கம்பெனி கொடுத்த மின்சாரக் காரில் நிதாவுக்குப் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அது சத்தமே போடாது. பழைய டீசல் வண்டியாக இருந்தால் அதன் உறுமலில் மனசு புலம்புவது காதில் விழாமல் போயிருக்கும். இதிலோ, ஈச்சனாரி மேம்பாலம் ஏறியதிலிருந்து ஒத்தக்கால்மண்டபம் தாண்டும்வரை தன் புலம்பலை ஒரு சொல் விடாமல் அவளே கேட்டுக்கொண்டு வரவேண்டியிருந்தது. நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். இன்றைக்கு அவள் பழனியாத்தாள் தென்னந்தோப்பின் வடக்கு மூலையைப் பார்த்தே ஆகவேண்டும். தை மாதத்துக்குப் பிறகு கிணத்துக்கடவு வட்டாரத்தில் அவள் கால் படாத தோப்பில்லை, அந்த ஒரு மூலையைத் தவிர.

நிதா கோட்டைமேட்டுப் பெண். வேளாண்மை படித்தவள். கார் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது அவள் அப்பா உமர் பாரூக், "வெள்ளாமை படிச்ச புள்ளைக்குக் கார் கம்பெனியில என்னம்மா வேலை, டயருக்கு உரம் வெக்கவா?" என்று ஒரு வாரம் சிரித்தார். வேலை இருந்தது. 2030-க்குள் விற்கும் கார்களில் பாதி மின்சாரம், 2040-க்குள் முழுக்க மின்சாரம், அந்த வருடமே புகைக் கணக்கு பூஜ்யம் என்று கம்பெனி உலகத்துக்கே சொல்லிவிட்டது. சொல்வது சுலபம். அதுவரை தொழிற்சாலைப் புகை போய்க்கொண்டுதானே இருக்கும்? அதற்கு ஈடாக மரங்களைக் காட்ட வேண்டும். தோப்புக்காரர்களைச் சேர்ப்பது, பதினைந்து வருடம் ஒரு மரத்தையும் வெட்டுவதில்லை என்று ஒப்புக்கொள்ள வைப்பது, இதுதான் நிதாவின் வேலை. வெட்டினால் அந்தத் தோப்பே கணக்கிலிருந்து போய்விடும்.

முதலில் சேர்ந்தவள் பழனியாத்தாள். ஐம்பத்தைந்து வயது, புருஷன் போனபிறகு தோப்பைத் தனியாகக் கட்டி ஆள்பவள். கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். "இது கம்பெனிக்குங்க. அதைய நானு பாத்ததில்ல. வாக்கு உங்களுக்குத்தான் அம்மணி" என்று உள்ளங்கையை நீட்டினாள். நிதா தன் கையை அதன்மேல் அடித்தாள். பழனியாத்தாளே கையடித்துக் கொடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு நிதாவுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

இப்போது அந்தப் பெருமையே முள்ளாகக் குத்தியது.

வடக்கு மூலையில் பத்துப் பன்னிரண்டு மரங்கள் மஞ்சளாகிக் கிடந்தன. கீற்றுகள் விலா எலும்புபோல உள்பக்கம் வளைந்திருந்தன. கீழே குரும்பைகள் உதிர்ந்து கிடந்தன. வாடல் நோய். சந்தேகமே இல்லை. தை மாதத்தில் இரண்டு மரத்தில்தான் இருந்தது. அப்போதே அவளுக்குத் தெரியும். முற்றிய மரத்தை வெட்டி அப்புறப்படுத்தாவிட்டால் பூச்சி நோயை அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகும் என்பதும் தெரியும். தெரிந்தும், "சத்துக் குறைச்சலுங்க்கா, நுண்ணூட்டம் வெச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதல் தோப்பு, முன்னால் காட்டும் தோப்பு, அதில் அரிவாள் விழுந்தால் மேலே என்ன பதில் சொல்வது என்ற பயம்தான்.

"ஏனுங்க்கா, இத்தனை ஆயிப்போச்சு, ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே" என்றாள். தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

பழனியாத்தாள் ஒரு குரும்பையைக் காலால் ஒதுக்கினாள். "நீங்கதான் தை மாசமே பாத்தீங்களேங்க. பாத்துப்போட்டு நுண்ணூட்டம் வெக்கச் சொன்னீங்க, வெட்டச் சொல்லல. படிச்சவிய, ஏதாச்சும் காரணம் இருக்கும்னு உட்டுட்டேன்."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நிதாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார் பக்கத்துத் தோப்பு வெங்கடபதி. மரியாதை குறையாமல் கோபப்பட இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் வரும். "ஏனுங்க அம்மணி, உங்க கம்பெனிக்காரங்க எங்க தோப்புக்கும் வரோணுமுங்க. உங்க நோவு வந்துபோட்டுது, நீங்க வராம இருந்தா எப்படிங்க?" என்றார். அவருடைய மரங்கள் மூன்றில் கீற்று வளையத் தொடங்கியிருந்தது. "எங்கிட்ட மிஷின் ரம்பம் இருக்குதுங்க. அரை நாள் வேலை. இவங்கதான் ஒரே பிடியா மாட்டேங்கறாங்க."

பழனியாத்தாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரு மாதமாகப் பேச்சில்லை என்று நிதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

காருக்குள் உட்கார்ந்து அபிலாஷைக் கூப்பிட்டாள். அவளுக்கு மேலதிகாரி, பீளமேட்டுப் பையன், கெட்டவன் என்று சொல்ல முடியாதவன். பார்த்ததை ஒன்று விடாமல் அவனிடம் சொன்னாள்.

"நாளைக்கு மட்டும் போகட்டும் நிதா. ஹென்ட்ரிக் தலைமை ஆபீஸ்ல இருந்து இதுக்குன்னே வர்றார். இந்தத் தோப்பை வெச்சுத்தான் இந்த வருஷ அறிவிப்பே. தெக்குப் பக்கம் நாற்காலி போடச் சொல்லுங்க, அப்படியே கூட்டிட்டு வந்துடலாம். அடுத்த வாரம் வெட்ட அனுமதி கேட்டுக் கமிட்டிக்கு எழுதுவோம்."

அடுத்த வாரம் என்றால் எந்த வாரம் என்று நிதாவுக்குத் தெரியும். கமிட்டி கூடுவதற்குள் ஆடிக் காற்றும் வந்துவிடும். ஆனாலும் "சரி" என்றாள். சொன்ன வாயை அங்கேயே கிள்ளிக்கொள்ளலாம்போல இருந்தது. ராத்திரி சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்தவளை அம்மா இஸ்மத் ஏதோ கேட்டாள். தலைவலி என்றாள். அதுவும் பொய்தான்.

காலையில் தோப்புக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வடக்கு மூலையில் மஞ்சளே இல்லை! பழுத்த மட்டைகளையெல்லாம் கழித்துவிட்டிருந்தார்கள். உச்சியில் குடுமி வைத்ததுபோல நாலைந்து பச்சை மட்டைகள் மட்டும். அடிமரத்துக்குச் சுண்ணாம்பு, காவிப் பட்டை. நோம்பி நாளுக்கு வீட்டை ஒழுங்குபண்ணியதுபோலப் பளிச்சென்று இருந்தது.

"விருந்தாடிய வர்றப்ப நோவாளியை அழுக்குத் துணியோட வாசல்ல உக்கார வெப்பாங்களா அம்மணி?" என்றாள் பழனியாத்தாள். "உங்களுக்குத் தலைகுனிவு வரக்கூடாதுங்கல்ல."

நிதாவுக்கு அழுகை வந்தது. இனி அவள் செய்யவேண்டியது எதுவுமே இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அதுதான் தாங்கவில்லை.

ஹென்ட்ரிக் நெட்டையான, நல்ல மனிதர். இளநீரைக் குடித்து முடித்ததும், தெற்கே போட்ட நாற்காலியில் உட்காராமல் மலை தெரிகிறது என்று வடக்கே நடந்துவிட்டார். அபிலாஷ் இரண்டு முறை குறுக்கே போய்ப் பார்த்தான், பலிக்கவில்லை. சுண்ணாம்பு அடித்த மரங்களில் முதல் மரத்தின்மேல் கையை வைத்து அவர் நின்றார். படம் எடுக்கும் பையன்கள் ஓடிவந்தார்கள்.

"நிதா, இந்த அம்மாவிடம் கேளுங்கள்" என்றார் ஆங்கிலத்தில். "2040-ல் எங்களிடம் பெட்ரோல் கார் ஒன்றுகூட இருக்காது. அந்த வருடமும் இந்த மரம் இங்கே நிற்கும் என்று அவர் எனக்கு வாக்குத் தருவாரா?"

கேமரா பழனியாத்தாளின் முகத்துக்குத் திரும்பியது. கேட்டால் கொடுத்துவிடுவாள். கொடுத்துவிட்டால், தோப்பு மொத்தமும் மொட்டையானாலும் இந்த மரத்தில் கத்தி படவிடமாட்டாள். அந்த மனுஷியை நிதாவுக்குத் தெரியும்.

"அக்கா, இந்த மூலையில நோவு புடிச்ச மரத்தையெல்லாம் இன்னைக்கே வெட்டிப்போடச் சொல்றாருங்க" என்றாள்.

அபிலாஷ் விருட்டென்று திரும்பினான். கோயமுத்தூரில் பிறந்தவனுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? வாயைத் திறந்தான், கேமராவைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

பழனியாத்தாள் வெள்ளைக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மரத்தைச் செல்லமாகத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வெட்டச் சொல்ற மூஞ்சியாங்க இது? தடவிக் குடுத்துட்டுச் சிரிக்கறாரு. சொன்னது அவருங்களா, நீங்களா?"

நிதாவுக்குக் காதெல்லாம் சுட்டது. "நானுங்க்கா. தை மாசமே சொல்லியிருக்கோணும். பயந்துட்டேன்."

"அப்படிச் சொல்லுங்க." பழனியாத்தாள் உள்ளங்கையை நீட்டினாள். "மூணு மாசமா இதுக்குத்தானுங்க காத்துக்கிட்டிருக்கேன். வாக்கு உங்களுக்குக் குடுத்தது. நீங்க திருப்பிக் குடுக்காம நானெப்படி அடிமரத்துல கத்தி வெக்கறது?"

நிதா அந்தக் கையின்மேல் அடித்தாள். சத்தம் நன்றாகவே கேட்டது. வாக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்து ஹென்ட்ரிக் கைதட்டினார். படம் எடுத்த பையன்களும் தட்டினார்கள்.

"என்ன சொன்னார்?" என்று ஆசையாகக் கேட்டார்.

அவள் சொன்னாள். இந்த மரத்துக்கு நோய், இது தேறாது, விட்டுவைத்தால் பக்கத்துத் தோப்பும் போகும், எனக்கு ஜனவரியிலேயே தெரியும், மறைத்தேன், இப்போது வெட்டச் சொல்லிவிட்டேன் என்று நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். ஹென்ட்ரிக்கின் கை மரத்திலிருந்து இறங்கியது. அவர் அபிலாஷைப் பார்த்தார்.

அபிலாஷ் காவிப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில், "உண்மைதான். எனக்கும் நேற்றே தெரியும்" என்றான்.

படம் எடுக்கும் பையன்கள் கேமராவை இறக்கினார்கள். பழனியாத்தாள் இடுப்பிலிருந்து போனை எடுத்து, வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி காதில் வைத்தாள்.

"வெங்கடபதியண்ணனுங்களா? ரம்பத்தை எடுத்துட்டு வாங்க. ஆமாங்க, இப்பத்தான். அம்மணி சொல்லிப்போட்டாங்க."