தம்பி எழுதிய எச்சரிக்கை

அக்காவும் தம்பியும் சேர்ந்து உருவாக்கிய கணினி நிரல்மொழி அது. யார் எதைத் தட்டச்சு செய்தாலும் அதைக் கணினி அப்படியே கட்டளையாக ஏற்று நிறைவேற்றும் வசதி தம்பியின் யோசனை. அதை எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். பிறகு அதே வழியாக யாரோ ஒரு மருத்துவமனையின் கணினிகளுக்குள் புகுந்தார்கள். அறுவை சிகிச்சைகள் நின்றுபோயின.

அந்த மொழியைப் பராமரிக்கும் குழுவின் கூட்டத்தில் அந்த வசதியைக் கைவிடலாம் என்று முதலில் கை தூக்கியவள் அக்காதான்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டான்: "எங்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொல்லியிருந்தா உன் மூஞ்சியப் பாத்து மனசு மாறியிருப்பேன்டா."

'இதைப் பயன்படுத்தாதீர்கள், அடுத்த பதிப்பில் இருக்காது' என்ற எச்சரிக்கையை அந்த வசதியின் விளக்கக் குறிப்பில் அவனே எழுதிச் சேர்த்தான். இப்போதும் வீட்டுக்கு வருகிறான், அவள் பிள்ளைகளோடு விளையாடுகிறான். அவள் வேலைப் பேச்சை எடுத்தால் மட்டும் "வரேன்க்கா" என்று எழுந்துவிடுகிறான்.